இரவல் கோப்பி மெசின்



இலக்கியத் தொடரொன்றிலே கோப்பி அரைக்கும் மெசினைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று உங்களிற் சிலர் நினைக்கக்கூடும். இடிப்பதும் அரைப்பதும் தமிழிலக்கியத்துக்குப் புதியனவல்ல. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையிலே, உலக்கை பிடித்து இடிக்கும் பெண்கள் பாடும் வள்ளைப் பாட்டுக்கு இளங்கோவடிகள் இடம் கொடுத்திருக்கிறார். பெரும்பாணாற்றுப்படையிலே திரிமரம் வருகிறது. தானியம் திரிக்கும் பழைய யந்திரம் அது. நான் ஓர் இந்துக் கல்லூரியிலே தமிழ் படிப்பிப்பவன். திரிமரத்தை வகுப்பிலே கரும்பலகையிற் கீறிக் காட்டியிருக்கிறேன். ஆனால் என் வீட்டுக் குசினி மேசையிலே பூட்டியிருந்த மெசினின் உள்ளே என்ன இருக்கிறது என்பதை நாற்பத்து நான்கு வயதுவரை நான் பார்த்ததில்லை. அது சிக்கி நின்றபோதுதான் பார்த்தேன்.

சென்ற மாசி மாதத்திலே ஒரு சனிக்கிழமை காலை. கோப்பிக்கொட்டையை வறுத்து ஆறவிட்டிருந்தோம். எங்கள் வீட்டிலே கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் சிறிது மிளகும் சேர்த்தே அரைப்பது வழக்கம். வழமையாக அம்மா கொட்டையைச் சுளகிலே போட்டு, கல் பொறுக்கி, புடைத்துத்தான் தருவார். இப்போது அவருடைய ஒரு கண்ணிலே வெண்படலம். "நீ ஒருக்கால் பார் தம்பி" என்று சுளகை என்னிடம் தந்தார். நான் பார்த்தேன் என்று சொன்னேன். பார்க்கவில்லை. க.பொ.த. உயர்தர விடைத்தாள்கள் ஒரு கட்டு மேசையிலே காத்துக்கொண்டிருந்தன.

பத்துச் சுற்றுச் சுற்றியிருப்பேன். கைபிடி சட்டென்று நின்றது. மெல்ல அசைத்தேன், அசையவில்லை. எழுந்து நின்று இரண்டு கையாலும் பிடித்து, உடம்பின் பாரம் முழுவதையும் போட்டு அழுத்தினேன். உள்ளே ஏதோ நெரிந்தது. கைபிடி இரண்டு அங்குலம் நகர்ந்தது. பிறகு முன்னுக்கும் இல்லை, பின்னுக்கும் இல்லை.

திண்ணையிலிருந்த அம்மாவுக்குச் சத்தம் கேட்டுவிட்டது. "உடைச்சுப்போட்டியே? பிறத்தியார் சாமானெல்லே அது!" என்றார்.

ஆம். அந்த மெசின் எங்களுடையதன்று. முப்பத்தைந்து வருடமாக எங்கள் வீட்டிலிருக்கும் இரவல் பொருள் அது.

1990 ஆம் ஆண்டு புரட்டாதியின் பிற்பகுதியிலே எங்கள் அப்பம்மா காலமானார். யுத்தம் மீண்டும் மூண்டிருந்த காலம். மன்னார்த் தீவிலே மின்சாரம் இல்லை. மா அரைக்கும் மில்லுகள் பூட்டிக் கிடந்தன. அந்தியேட்டிக்கு வருகிறவர்களுக்குக் கோப்பி கொடுக்க வேண்டும். அப்பா ஆசிரியர். எருக்கலம்பிட்டியைச் சேர்ந்த வியாபாரி ஒருவர் அவருக்கு மிக நெருங்கிய நண்பர். அப்பா அவரை 'நானா' என்பார், அவர் அப்பாவை 'வாத்தியார்' என்பார். விஷயத்தைக் கேள்விப்பட்ட நானா, தம்முடைய வீட்டுக் கோப்பி மெசினைச் சாக்கிலே சுற்றிச் சைக்கிள் கரியரிலே கட்டிக்கொண்டு தாமே வந்து சேர்ந்தார். வார்ப்பிரும்பு உடல், மேலே பித்தளைக் கிண்ணம், கீழே மேசை விளிம்பிலே இறுக்கும் திருகு. சீமையிலிருந்து வந்ததென்று சொன்னார்கள். "அந்தியேட்டி முடிஞ்சு ஆறுதலாத் தாங்க வாத்தியார்" என்று சொல்லிவிட்டுப் போனார். நமது பேச்சு வழக்கிலே 'ஆறுதலாக' என்றால் அவசரமில்லாமல் என்று பொருள். செத்தவீட்டிலே அந்தச் சொல்லுக்கு மற்றப் பொருளும் உண்டு.

அந்த ஐப்பசியின் கடைசிக் கிழமையிலே நடந்ததை நேயர்கள் அறிவீர்கள். வட மாகாணத்தின் முஸ்லிம் மக்கள் அனைவரையும் வெளியேறும்படி விடுதலைப் புலிகள் உத்தரவிட்டார்கள். ஏறத்தாழ 70,000 பேர். வீடு, வளவு, கடை, நகை, எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போனார்கள். மன்னார்த் தீவு மக்கள் வள்ளங்களிலே ஏறிக் கற்பிட்டிக் கரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். செய்தி கேட்ட அன்று அப்பா மெசினைச் சைக்கிளிலே கட்டிக்கொண்டு எருக்கலம்பிட்டிக்குப் புறப்பட்டார். பாதையிலே துவக்கோடு நின்ற பொடியன்கள் மறித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் திரும்பி வந்து, மெசினைத் திண்ணையிலே வைத்துவிட்டு, பக்கத்திலே குந்தியிருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த ஊருக்கு மெசினைத் திருப்பிக் கொடுக்கத்தான் போனாரா, வேறு ஏதாவது செய்யலாம் என்று போனாரா என்று நான் கேட்டதில்லை. நாங்கள், அதாவது தமிழர்கள், அன்றைக்குப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை.

பிறகு எங்கள் முறை வந்தது. அந்த வருட முடிவுக்குள்ளே நாங்களும் இராமேஸ்வரத்துக்கு வள்ளம் ஏறினோம். இன்னின்ன சாமான்தான் ஏற்றலாம் என்று வள்ளக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அம்மா தம்முடைய தையல் மெசினை விட்டார். நானாவின் கோப்பி மெசினை விடவில்லை. "எங்கட சாமானெண்டால் போகட்டும். கேட்டு வாங்கின சாமானை எப்பிடி விட்டிட்டுப் போறது?" என்றாராம்.

மண்டபம் முகாமிலே நான்கு வருடங்கள். அங்கேயுள்ள பள்ளிக்கூடத்திலே 'கோப்பி' என்று சொன்னதற்காகப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவர்களுக்கு அது காப்பி அல்லது காபி. ஐம்பெருங் காப்பியம் என்றால் ஐந்து பேர் சேர்ந்து குடித்த காப்பி என்ற பகிடியையும் அங்கேதான் முதன்முதலாகக் கேட்டேன். இலங்கையிலே அந்தப் பகிடி எடுபடாது. காப்பி தமிழ்நாட்டு நடுத்தர வகுப்பினரின் வீட்டுக்குள்ளே எப்படிப் புகுந்தது என்பதை ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற சுவையான நூலிலே சொல்லியிருக்கிறார். 2000 ஆம் ஆண்டு வந்த நூல். கிடைத்தால் வாசித்துப் பாருங்கள்.

நாங்கள் வள்ளத்திலே கடந்த அந்தக் கடலைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். கோப்பிப் பயிர் எங்கள் தீவிலே வளராது, எங்களுடையது வெண்மணல். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இலங்கை மலைநாட்டின் கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் வந்த வழி இதுதான். தமிழ்நாட்டிலிருந்து தோணியேறி, மன்னார்க் கரைகளிலே இறங்கி, வன்னிக் காடுகளூடாக மாத்தளைவரை நடந்தார்கள். வாந்திபேதியிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் அநேகர். அந்தக் கோப்பி யுகத்திலேதான் 1869 ஆம் ஆண்டு ஆபிரகாம் ஜோசப்பின் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' வெளிவந்தது. கோப்பி பயிரிடுவதை எப்படிச் செய்வதென்று கும்மி மெட்டிலே சொல்லும் நூல். அதே 1869 இலேதான் இலங்கைத் தோட்டங்களிலே கோப்பி இலையைத் தின்னும் துருநோயும் கண்டுபிடிக்கப்பட்டது. இருபது வருடத்துக்குள்ளே கோப்பி போய்த் தேயிலை வந்துவிட்டது. கும்மி மட்டும் மிஞ்சியது. மலையகத் தமிழிலக்கியத்தின் தொடக்கத்தைப் பேசுகிறவர்கள் இந்தக் கும்மியைச் சும்மா ஒரு வரியிலே கடந்து போவது எனக்கு ஒரு குறையாகவே படுகிறது.

1994 இலே ஊர் திரும்பினோம். மெசினும் திரும்பியது. மூடி மட்டும் திரும்பவில்லை. போகும்போது வள்ளத்திலே எங்கோ தவறிவிட்டது. கிண்ணத்துக்கு மூடியாக அம்மா ஒரு தேங்காய்ச் சிரட்டையைத் தேய்த்து வைத்துக்கொண்டார். நானாவின் குடும்பம் புத்தளத்திலே இருப்பதாகக் கேள்விப்பட்டோம். அங்கே நாகவில்லுவிலே எருக்கலம்பிட்டியின் பெயரோடு ஒரு பாடசாலையே எழுந்துவிட்டதென்று சொன்னார்கள். கடிதம் எழுதினார் அப்பா. ஒரு பதில் வந்தது. "மெசின் உங்களிடம் இருக்கட்டும், நாங்கள் வந்து எடுப்போம்" என்று இருந்தது அதிலே. அப்பா 2003 இலே காலமானார். நானாவும் சில வருடங்களின் பின் புத்தளத்திலேயே மௌத்தானார்.

2009 இலே யுத்தம் முடிந்தது. எருக்கலம்பிட்டிக்குச் சனங்கள் திரும்பத் தொடங்கினார்கள். எல்லாரும் வரவில்லை, வந்தவர்களிலும் பலருக்குப் பாதி வாழ்க்கை புத்தளத்திலே. பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள், தொழில் அங்கே, ஓட்டும் வளவும் இங்கே. அம்மா ஒவ்வொரு வருடமும் சொல்வார்: "தம்பி, அந்த மெசினைக் கொண்டுபோய்க் குடுத்திட்டு வா." நானும் ஒவ்வொரு வருடமும் ஓமென்பேன். வீதி திருத்தி முடியட்டும் என்றேன். 2015 இலே தலைமன்னாருக்கு ரெயிலே மறுபடி வந்துவிட்டது. நான் போகவில்லை. உண்மையைச் சொன்னால், மெசின் நன்றாக அரைத்துக்கொண்டிருந்தது. அந்தக் கோப்பிக்கு நாங்கள் பழகிவிட்டோம். அது சுற்றிக்கொண்டிருந்த வரையிலே அது பிறருடையது என்ற நினைப்பு அம்மாவுக்கு மட்டுமே இருந்தது. சுற்றாமல் நின்ற அன்றுதான் எனக்கும் வந்தது. உடைத்துக் கொண்டுபோய் எப்படிக் கொடுப்பது?

நகரிலே ஒரு கடைக்காரர் மெசினைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "இதைப் பழைய இரும்புக்குப் போட்டிட்டுக் கரண்டில ஓடுறது ஒண்டு வாங்குங்கோ சேர்" என்றார். இன்னொருவர் சுத்தியலை எடுத்தார். நான் மெசினை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். மூன்றாவது ஆள் சொன்னார், வள்ள எஞ்சினும் தையல் மெசினும் திருத்துகிற நானா ஒருவர் இருக்கிறார், அவரிடம் கொண்டுபோங்கள் என்று. எங்கே என்றேன். எருக்கலம்பிட்டியிலே என்றார்.

மன்னார் – தலைமன்னார் வீதியிலிருந்து வடக்கே இறங்கினால் எருக்கலம்பிட்டி. பனைகள், வெண்மணல், வெயிலிலே காயும் பாய்கள். பனையோலைப் பாய்க்குப் பேர்போன ஊர் அது. கடற்கரைப் பக்கமாக ஓலைக் கொட்டிலொன்றிலே அவர் இருந்தார், அறுபது வயதிருக்கும். மெசினை வாங்கினார், கைபிடியைத் தொடவில்லை. முதற் கேள்வி இதுதான்: "கடைசியா என்ன போட்டு அரைச்சீங்க?"

சொன்னேன். வேர்க்கொம்பை இடித்துப் போட்டீர்களா, முழுசாகவா என்றார். முழுசாக என்றேன். "நின்ட பிறகு எத்தனை தரம் தெண்டிச்சீங்க?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. அவர் சிரித்தார்.

மெசினைத் தலைகீழாகப் பிடித்து, உள்ளங்கையாலே தட்டித் தட்டிக் கிண்ணத்திலிருந்த கொட்டையை முழுவதும் வெளியே எடுத்தார். அதன் பிறகு கைபிடியைப் பின்பக்கமாகத் திருப்பிப் பார்த்தார். மெசின் நின்றவுடனே அரைச் சுற்றுப் பின்னுக்குத் திருப்பியிருந்தால் பெரும்பாலும் அதோடு முடிந்திருக்குமாம். முன்னுக்கு நெருக்கினால் சிக்கிய பொருள் இன்னும் இறுகிவிடும். அடியிலே ஒரு திருகு நட் இருக்கிறது. பொடி நொய்யாக வேண்டுமா, குறுணியாக வேண்டுமா என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. அதைத் தளர்த்தினால் பற்களுக்கிடையே வெளி கிடைக்கும். ஆனால் உப்புக்காற்றிலே அந்த நட் துருப்பிடித்து ஒட்டியிருந்தது. மண்ணெண்ணெய் விடலாமே என்று எனக்குத் தெரிந்த ஒரேயொரு யந்திர அறிவைக் காட்டினேன். "விடலாம். பிறகு ஆறு மாசத்துக்குக் கோப்பி மணக்காது, மண்ணெண்ணெய்தான் மணக்கும்" என்றார். இரண்டு துளி தேங்காயெண்ணெய் விட்டார். உள்ளேயிருந்து பிளேன்ரீ வந்தது. அரை மணித்தியாலம் காத்திருந்தோம்.

பிறகு குறடாலே பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக, இறுக்கியும் தளர்த்தியும், நட்டைக் கழற்றினார். கழற்றிய ஒவ்வொன்றையும் பத்திரிகைத் தாளின் மேலே வந்த ஒழுங்கிலேயே வரிசையாக வைத்தார். கடைசியிலே உள்ளே இருந்த கூம்பு வெளியே வந்தது. மேற்பக்கம் பெரிய வளைந்த பற்கள். அவை கொட்டையை உடைக்கும். கீழே வரவர நுணுக்கமான பற்கள், அவை பொடியாக்கும். வெளியே அசையாத ஒரு வளையம், அதற்கும் உட்பக்கம் பல். இவ்வளவுதான் மெசின். திரிகையின் மேற்கல்லும் கீழ்க்கல்லும்போலத்தான். ஒன்று நிற்கும், மற்றது சுற்றும்.

கூம்போடு ஒரு கல் விழுந்தது. மிளகளவு, சிவப்புக் கல். எங்கள் தீவிலே இல்லாத கல். எங்கேயோ மலைநாட்டு முற்றத்திலே கோப்பிக்கொட்டை காயப்போட்ட இடத்திலிருந்து வந்திருக்க வேண்டும். வறுத்த கொட்டை உடையும், கல் உடையாது. ஆனால் கல் மாத்திரம் குற்றவாளியன்று. நுணுக்கப் பற்களின் இடுக்கெல்லாம் கறுப்பாகக் களிபோல ஏதோ அப்பியிருந்தது. கறுக்க வறுத்த கொட்டையிலே எண்ணெய் கசியும். அந்த எண்ணெயோடு பொடியும் வேர்க்கொம்பின் நாரும் சேர்ந்து இறுகிப் போயிருந்தது. முப்பத்தைந்து வருடத்திலே ஒரு தரமும் கழற்றித் துடைக்காத மெசின். "நல்ல மனுசன் மாதிரி இவ்வளவு காலமும் சும்மா இருந்திருக்கு" என்றார் அவர்.

தண்ணீர் பாவிக்கவில்லை. ஈர்க்கிலாலே பல்லிடுக்கெல்லாம் கிண்டி, பழைய பற்தூரிகையாலே தட்டி, உலர்ந்த துணியாலே துடைத்தார். ஓரிடத்திலே நிறுத்தி எனக்குக் காட்டினார். ஒரு பல்லின் நுனி முறிந்திருந்தது. "இது கல்லால போன பல் இல்ல சேர். கையால போன பல்."

மறுபடி பூட்டி, வறுத்த அரிசி ஒரு பிடி போட்டுச் சுற்றினார். மண்ணிறமாக மா வந்தது, அதைக் கொட்டிவிட்டார். நட்டை இறுக்குவதானால் மெசின் சுற்றும்போதுதான் இறுக்க வேண்டும், கொட்டை உள்ளே கிடக்க நிற்கும்போது இறுக்கினால் மறுநாள் சிக்கும் என்றார். வேர்க்கொம்பைத் தனியே உரலில் இடிக்கச் சொன்னார். மின்சார மெசின் வைத்திருக்கும் நேயர்களுக்காக அவர் சொன்ன ஒன்றையும் சேர்த்து விடுகிறேன்: அது நின்று உறுமத் தொடங்கினால் ஆளியைத் திரும்பத் திரும்ப அழுத்தக்கூடாது, மோட்டார் எரிந்துவிடும். முதலிலே பிளக்கைக் கழற்ற வேண்டும். கழற்றாமல் விரலை உள்ளே விடுகிறவர்களுக்கு அவர் ஒரு சொல் சொன்னார். வானொலியிலே சொல்ல முடியாது.

கூலி ஐந்நூறு ரூபா. காசை எண்ணி வைக்கும்போதுதான் கேட்டார், "இது ஆரிட மெசின்? எங்கட ஆக்கள்ட வீட்டில இப்பிடி ஒண்டு இருந்த ஞாபகம்."

நான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தார். "அந்தப் பிள்ளை வந்திரிக்கு. புத்தளத்திலயிருந்து போன கிழமைதான் வந்தது. பள்ளிவாசலுக்குப் பின்னால வீடு" என்றார். அவ்வளவுதான்.

அந்தப் பிள்ளைக்கு இப்போது ஐம்பது வயதுக்கு மேல். அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். வீட்டின் ஒரு பாதி புதிதாகக் கட்டியது. மறுபாதி கூரையில்லாத பழைய சுவர். வாத்தியாரின் மகன் என்றதும் உள்ளே கூப்பிட்டு இருக்கச் சொன்னார். சாக்கை அவிழ்த்து மெசினை மேசையிலே வைத்தேன். அவர் உடனே தொடவில்லை. பிறகு கைபிடியைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார்.

"வாப்பா மௌத்தாகிறதுக்கு முந்தியும் சொன்னாரு, மெசின் வாத்தியார் வீட்ட இரிக்கிண்டு. நாங்க நம்பல்ல" என்றார்.

அதற்கு நான் என்ன சொல்வது? மெசின் சிக்கியதையும் பல் முறிந்ததையும் சொன்னேன். 2009 இலிருந்து கொண்டு வராததற்கு ஒரு காரணம் சொல்லத் தொடங்கினேன். அது எனக்கே நன்றாகக் கேட்கவில்லை, நிறுத்திவிட்டேன். அவர் கிண்ணத்தின் விளிம்பை விரலாலே தடவிக்கொண்டிருந்தார்.

"இதிட மூடி எங்க தம்பி?"

வள்ளத்திலே தவறிப் போயிற்று என்றேன்.

"பித்தளை மூடி. நடுவில ஒரு குமிழ் இரிக்கும். சின்னதில நான் அத பம்பரமாச் சுத்துவன், உம்மா அடிக்க வருவா" என்றார். சிறிது நேரம் பேசாமலிருந்தார். பிறகு, சாமானைச் சரிபார்க்கும் ஒருவரின் குரலிலே, "மூடி இல்லாட்டி வாசம் போயிரும்" என்றார்.

மூடியோடு வந்து தருகிறேன் என்றேன். மெசினை இங்கேயே விட்டுவிட்டு மூடியை மட்டும் கொண்டு வாருங்கள் என்றார். விட்டுவிட்டு வந்தேன்.

வீட்டிலே அம்மா உரலைக் கழுவி வெயிலிலே வைத்திருந்தார். மூடியைச் சொன்னேன். சிரட்டையைக் கையிலே எடுத்து வைத்துக்கொண்டு, "அவள் கேட்டது சரிதானே" என்றார்.

கிண்ணத்தின் வாய் மூன்றேகால் அங்குலம். நூல் பிடித்து அளந்து வந்திருக்கிறேன். மன்னார்க் கடைத்தெருவிலே விசாரித்ததிலே பித்தளை வேலை செய்பவர் எவரையும் காணவில்லை. யாழ்ப்பாணத்திலே ஒருவர் இருக்கிறாராம். சித்திரை விடுமுறையிலே போகவேண்டும்.